கராத்தேயும் கிக்பாக்ஸிங்கும்: ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததா? மகள் எதைத் தொடர்வது?

தென்பெண்ணைக்கரை (காவேரிப்பட்டணம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி விட்ட பிறகு மைதானத்தில் நடக்கும் கராத்தே வகுப்புக்குச் சில ஆண்டுகளாகச் சென்று வருகிறாள். பச்சை பெல்ட் வாங்கியிருக்கிறாள். கட்டா (ஆள் இல்லாமல் தனியாக, வரிசை மாறாமல் செய்துகாட்டும் அசைவுத் தொடர்) செய்யும்போது அவள் உடம்பில் தானாக ஒரு நிமிர்வு வந்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். அண்மையில் உறவுக்காரப் பையன் ஒருவன் செல்லும் கிருஷ்ணகிரி உடற்பயிற்சிக் கூடத்துக்கு அவளையும் அழைத்துச் சென்றோம். அங்கே பெரிய கிளவுஸ் மாட்டிக்கொண்டு, எதிரே ஒருவர் பிடித்திருக்கும் பேடில் உதைத்துப் பழகும் கிக்பாக்ஸிங் வகுப்பைப் பார்த்ததிலிருந்து, தானும் அதில்தான் சேருவேன் என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறாள்.

கராத்தே என்பது காற்றைக் குத்தும் பயிற்சி, அடி என்றால் என்னவென்று அதில் தெரியவே தெரியாது என்கிறார் அங்கிருக்கும் பயிற்சியாளர். கிக்பாக்ஸிங் என்பதே கராத்தேயிலிருந்து பிய்த்து எடுத்த துண்டு, அதில் ஒழுக்கம் கிடையாது என்கிறார் மகளின் கராத்தே மாஸ்டர். இரண்டுமே காஞ்சிபுரத்திலிருந்து போதிதருமர் கொண்டுபோன கலைதானே, இதில் சண்டை எதற்கு என்று என் தம்பி தன் பங்குக்குச் சொல்லிவிட்டான்.

மூவரில் யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை. இவ்விரண்டுக்கும் வரலாற்றில் உள்ள உறவு என்ன, பயிற்சியிலும் போட்டியிலும் எங்கே பிரிகின்றன, பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு எதைப் பார்த்து முடிவு செய்வது என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். பயிற்சிக் கூடங்களின் பெயர்களைத் தயவுசெய்து குறிப்பிட வேண்டாம், சிறிய ஊர்.


தகடூரான் (தருமபுரி) மறுமொழி:

வணக்கம் அம்மா. நான் தருமபுரியில் கராத்தே கற்றுக்கொடுப்பவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள். கராத்தே எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் நான் எழுதுகிறேன். கிக்பாக்ஸிங் பற்றி அதில் பழகியவர் யாரேனும் எழுதுவதே முறை.

கராத்தே பிறந்தது ஜப்பானின் பெருந்தீவுகளில் அல்ல. அவற்றுக்குத் தெற்கே, தைவான் வரைக்கும் சிதறிக் கிடக்கும் தீவுக்கூட்டத்தில் உள்ள ஒகினாவாவில்தான் அது உருவாயிற்று. 1429இல் ஒன்றுபட்ட ரியுக்யு அரசு அங்கே தனி நாடாக இருந்தது. சீனப் பேரரசுக்குத் திறை செலுத்தி, அதன் வழியே கடல் வணிகம் செய்து வாழ்ந்தது. ஃபூஜியான் மாகாணத்துத் துறைமுகங்களுக்கும் ஒகினாவாவுக்கும் இடையே நூற்றாண்டுக் கணக்கில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தபடியால், அங்கே வழங்கிய சீனச் சண்டைமுறைகள் தீவின் கைச்சண்டையோடு கலந்தன. ஷூரி, நாஹா, தொமாரி என்ற மூன்று ஊர்களின் பெயரால் மூன்று மரபுகள் பேசப்படுகின்றன. நாஹாவைச் சேர்ந்த ஹிகாவோன்னா கான்ரியோ சீனத்து ஃபூஜோ நகருக்கே சென்று கற்று வந்தவர். அவருடைய மாணவரான மியாகி சோஜுன்தான் கோஜு-ரியூ பிரிவை நிறுவியவர்.

இங்கே ஒரு கதையை ஒதுக்கிவைக்க வேண்டும். 1609இல் தென் ஜப்பானின் சத்சுமா படை ரியுக்யுவைக் கைப்பற்றியபோது ஆயுதங்களைப் பறித்துவிட்டது என்றும், அதனால் உழவர்கள் இரவில் மறைந்து வெறுங்கையால் சாமுராய்களைக் கொல்லப் பழகினார்கள் என்றும் பல வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால், பெயர் தெரிந்த பழைய ஆசான்கள் பெரும்பாலும் ரியுக்யு அரசின் அலுவலர் குடிகளைச் சேர்ந்தவர்கள். மத்சுமுரா சோகோன் அரசருக்கே மெய்க்காவலராக இருந்தவர். ஓய்வும் வசதியும் உடையவர்கள் தங்களுக்குள் பொத்திப் பொத்திக் காத்த கலை என்று சொல்வதே உண்மைக்கு நெருக்கமானது.

1879இல் ஜப்பான் அந்த நாட்டைத் தன் மாகாணங்களுள் ஒன்றாக இணைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த மாற்றம்தான் உங்கள் கேள்விக்கு முக்கியமானது. மத்சுமுராவின் மாணவர் இத்தோசு அங்கோ, 1900களின் தொடக்கத்தில் கராத்தேயை ஒகினாவாவின் பள்ளிகளுக்குள் கொண்டுவந்தார். 1908இல் பத்துக் கருத்துகளை எழுதிக் கல்வித்துறைக்கு அனுப்பினார். ஒரே நேரத்தில் பல பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்பதால், நீண்ட கட்டாக்களை எளிமையாக்கிப் பினான் என்ற ஐந்து சிறு கட்டாக்களை அமைத்தார். ஷோடோகான் பிரிவில் அவற்றையே ஹெய்யான் என்கிறோம். உங்கள் மகள் அந்தப் பிரிவில் பழகினால் பச்சை பெல்ட்டுக்கு அவற்றில் ஒன்றைச் செய்துதான் காட்டியிருப்பாள். மைதானத்தில் வரிசையாக நின்று, மாஸ்டர் 'இச்சி, நி, சான், சி' என்று எண்ண எண்ணப் பிள்ளைகள் ஒன்றாகக் குத்துகிறார்களே, அந்தக் காட்சி ஏதோ பழங்காலக் கோயிலிலிருந்து வந்ததன்று. அது பள்ளி உடற்கல்வி தந்த வடிவம்; அதற்கு வயது நூற்றுச் சொச்சம்தான்.

பள்ளி ஆசிரியராக இருந்த ஃபுனகோஷி கிச்சின் 1922இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டினார். பல்கலைக்கழக மாணவர்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள். 1924இல் கேயோ பல்கலைக்கழகத்தில் மன்றம் ஏற்பட்டது. வெள்ளைச் சீருடையும் கறுப்பு பெல்ட் தரவரிசையும் கானோ ஜிகோரோ ஜூடோவில் ஏற்படுத்திய முறையைப் பார்த்து எடுத்துக்கொண்டவை. கோஜு-ரியூ, ஷோடோகான், ஷிட்டோ-ரியூ, வாடோ-ரியூ என்ற பெரும்பிரிவுகள் நான்கும் இந்தத் தலைமுறையில் உருப்பெற்றவையே. ஃபுனகோஷிக்குப் போட்டிகளில் விருப்பம் இல்லை. கட்டாவே கராத்தே என்று நினைத்தவர் அவர். ஆனால், மாணவர்கள் சும்மா இருப்பார்களா? ஜப்பான் கராத்தே சங்கம் 1949இல் அமைந்தது. 1957இல் அகில ஜப்பான் போட்டியை நடத்தியது. குத்து, எதிராளியின் உடம்புக்குச் சற்று முன்பே நின்றுவிட வேண்டும் என்பது அதன் விதி.

அந்த விதியை ஏற்காதவர்களும் கராத்தேக்குள்ளேயே இருந்தார்கள். கொரியாவில் பிறந்த ஒயாமா மசுதாத்சு அமைத்த கியோகுஷின் பிரிவில், கிளவுஸ் இல்லாமல், உடம்பில் முழுப் பலத்தோடு அடிக்கலாம். முகத்தில் உதைக்கலாம், கையால் மட்டும் குத்தக் கூடாது. ஆகவே, கராத்தே என்றாலே காற்றில் குத்துவது என்று அந்தப் பயிற்சியாளர் சொன்னது, ஒரு கியோகுஷின் போட்டியைப் பார்த்திராதவர் சொல்லும் பேச்சு.


சிப்காட் ஷிஃப்ட் (ஓசூர்) மறுமொழி:

தகடூரான் அண்ணன் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். ஓசூரில் தொழிற்சாலை வேலை. ஷிஃப்ட் ஒத்துவரும் நாள்களில் பெங்களூரு எல்லைப் பக்கம் ஒரு கூடத்தில் கிக்பாக்ஸிங் பழகுகிறேன். அதற்கு முன் சிறுவயதில் கராத்தே கற்றவன்.

கிக்பாக்ஸிங் அமெரிக்காவில் தோன்றியது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் ஜப்பானில் பிறந்ததுதான். அதைத் தொடங்கியவர்களும் கராத்தேக்காரர்கள்தாம். ஒகினாவாவின் மோட்டோபு சோக்கியிடம் கற்ற யமாதா தாத்சுவோ என்ற ஆசானுக்கு, நிறுத்தி நிறுத்தி அடிக்கும் போட்டிமுறையில் நிறைவில்லை. தாய்லாந்தின் முவாய் தாய் வீரர்கள் ரிங்குக்குள் முழு அடியோடு மோதுவதைக் கவனித்து, கராத்தேயையும் அப்படி ஒரு விளையாட்டாக்கலாம் என்று 1959இல் திட்டம் எழுதினார். குத்துச்சண்டைப் போட்டிகளை நடத்திவந்த நோகுச்சி ஒசாமு இதில் பெரிய எதிர்காலம் இருக்கிறது என்று கணித்தார். 1960களின் முற்பாதியில் ஒயாமாவின் டோஜோவை, அதாவது பயிற்சிக் கூடத்தைச் சேர்ந்த மூன்று கராத்தேக்காரர்கள் பாங்காக்கின் லும்பினி அரங்கில் தாய் வீரர்களோடு மோதினார்கள். இருவர் குத்தியே வீழ்த்தினார்கள். மூன்றாமவரான குரோசாகி கென்ஜி முழங்கை அடி வாங்கி விழுந்தார்.

தோற்ற அந்தக் குரோசாகியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அவர் ஜப்பானில் மெஜிரோ ஜிம் என்ற கூடத்தை நடத்தினார். அவரிடம் பழகிய யான் பிளாஸ் என்ற டச்சுக்காரர், 1978இல் ஆம்ஸ்டர்டாமில் அதே பெயரில் ஒரு கூடம் தொடங்கினார். இன்று உலகம் முழுவதும் டச்சு கிக்பாக்ஸிங் என்று போற்றப்படும் முறை அங்கே வளர்ந்ததுதான்: கையால் மூன்று நான்கு குத்துகள் சரமாரியாக விழும், அவற்றைத் தடுக்கக் கை மேலே போன நொடியில் தொடையில் ஒரு லோ கிக் இறங்கும். லும்பினியில் விழுந்த ஒரு முழங்கையிலிருந்து இவ்வளவு விளைந்திருக்கிறது.

நோகுச்சி நடத்திய முதல் கிக்பாக்ஸிங் நிகழ்ச்சி 1966 ஏப்ரலில் ஒசாகாவில் நடந்தது. அந்தப் பெயரைப் பரப்பியவரும் அவரே. கராத்தேயிலிருந்து வந்த சவாமுரா தாதாஷி அதன் நட்சத்திரம் ஆனார். தொடக்கத்திலேயே ஒரு தாய் வீரரிடம் 16 முறை தரையில் விழுந்து தோற்றவர் அவர். திரும்ப வந்து தொலைக்காட்சி வழியே ஜப்பானின் வீட்டுக்கு வீடு தெரிந்த ஆளாகிவிட்டார். ஆரம்ப காலத்தில் எறிவதும் தலையால் முட்டுவதும்கூட அனுமதிக்கப்பட்டிருந்தன. பிறகு அவற்றை நீக்கினார்கள்.

அமெரிக்கக் கிளை தனி. அங்கே புள்ளிக் கராத்தேயில் பெயர் பெற்றிருந்த ஜோ லூயிஸ், பில் வாலஸ் போன்றவர்கள், 1974 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஃபுல் கான்டாக்ட் கராத்தே போட்டியில் உலகச் சாம்பியன்கள் ஆனார்கள். இடுப்புக்கு மேலே மட்டுமே உதைக்கலாம். நீண்ட பேன்ட் அணிந்து ஆடுவார்கள். கிளவுஸ் மாட்டியவுடன் வீரர்கள் காலை மறந்துவிட்டுக் கைச்சண்டையில் இறங்கிவிட்டார்கள். இது வெறும் பாக்ஸிங் ஆகிவிடும் என்று அஞ்சி, ஒரு சுற்றில் குறைந்தது 8 முறை உதைத்தே ஆக வேண்டும் என்று விதி போட வேண்டியிருந்தது. ஒரு விதி மாறினால் உடம்பு எப்படித் தானாக மாறிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

1993இல் ஜப்பானில் கே-1 என்ற போட்டி வந்தது. அதைத் தொடங்கிய இஷீ கசுயோஷியும் செய்தோகைக்கான் என்ற கராத்தே அமைப்பின் தலைவர்தான். முதல் ஆண்டு வென்றவர் குரோஷியாவின் பிராங்கோ சிகாட்டிச். 1996இல் வென்ற சுவிட்சர்லாந்தின் ஆண்டி ஹக், கியோகுஷினில் வளர்ந்தவர். குதிகாலை மேலே தூக்கிக் கோடாரி போல இறக்கும் அவருடைய உதை கராத்தே மேடையிலிருந்து வந்தது. ஆகவே, பிய்த்தெடுத்த துண்டு என்று உங்கள் மாஸ்டர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி, குத்துச்சண்டையும் முவாய் தாயும் கொடுத்தவை. ஒழுக்கம் கிடையாது என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். எங்கள் கூடத்தில் ஸ்பாரிங் (இருவர் மோதிப் பழகுவது) முடிந்ததும், சற்று முன் மூக்கில் குத்தியவனுக்கே கிளவுஸ் கயிற்றை அவிழ்த்துவிடுகிறோம்.

பயிற்சியில் உள்ள வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். கராத்தேயில் ஒரு கை குத்தும்போது மற்றக் கையை இடுப்புக்கு இழுத்துக்கொள்ளப் பழகியிருப்பாள். கிக்பாக்ஸிங்கில் முதல் நாளே அந்தக் கையைக் கன்னத்தில் ஒட்டிவைக்கச் சொல்வார்கள். பல மாதங்களுக்கு அது கீழேதான் இறங்கும், பயிற்சியாளரும் பேடால் கன்னத்தில் தட்டித் தட்டி மேலே ஏற்றுவார். கராத்தே உதை முழங்காலிலிருந்து சாட்டையாகப் பாய்ந்து அதே வேகத்தில் திரும்பும். கிக்பாக்ஸிங்கின் சுற்று உதையில் நிற்கிற காலின் குதிகால் திரும்பி, இடுப்பு முழுவதும் புரண்டு, முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பு எதிராளியின் தொடைக்குள் புகுந்துபோகும். அதைப் பேடில் வாங்குபவருக்கே முன்கை மரத்துவிடும். ஆள் இல்லாமல் நெடுநாள் பழகுவது, கிணற்றுத் திண்டில் குப்புறப் படுத்துக் கைகால் வீசி நீச்சல் கற்பது போலத்தான் என்பது என் கருத்து. தகடூரான் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது.


அரூர் வாத்தியார் (அரூர்) மறுமொழி:

தம்பியின் போதிதருமர் வாதத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் இதைப் பேசாமல் விட முடியவில்லை.

போதிதருமர் தென்னிந்தியாவிலிருந்து சீனம் சென்று தியானத்தைப் பரப்பினார் என்ற மரபு பழையது; காஞ்சிபுரத்தோடு அவரை இணைத்துப் பேசுவது நமக்குப் பெருமையாகவும் இருக்கிறது. ஆனால், ஷாவோலின் மடத்துத் துறவிகளுக்கு அவர் உடற்பயிற்சி கற்றுத்தந்தார் என்ற செய்தி, அவர் வாழ்ந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், யீஜின் ஜிங் என்ற ஒரு சீன நூலில்தான் தலைகாட்டுகிறது. அந்த நூல் 1624ஐச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. அதன் பழமையைக் காட்டச் சேர்த்த முன்னுரைகள் போலியானவை என்று சீன ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். ஃபுனகோஷியும் தம் எழுத்தில் இக்கதையைச் சொல்லியிருப்பதால் கராத்தே வகுப்புகளில் அது நிலைத்துவிட்டது. பிறகு திரைப்படங்கள் மற்றதைப் பார்த்துக்கொண்டன.

கிக்பாக்ஸிங்கைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோவதற்கோ இந்த அரைகுறைக் கதைகூட இல்லை. 1966இல் ஒசாகாவில் டிக்கெட் விற்றுத் தொடங்கிய விளையாட்டு அது. நமக்குச் சிலம்பம் இருக்கிறது, குத்துவரிசை இருக்கிறது. அவற்றைக் கற்பதற்குப் பிறருடைய கலைக்குத் தந்தை உரிமை கோர வேண்டிய தேவையில்லை.


ஓய்வுபெற்ற பி.டி. (பாலக்கோடு) மறுமொழி:

மேலே எழுதிய மூவரும் வரலாற்றை நன்றாக விளக்கிவிட்டார்கள். நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அழைத்துச் சென்ற அனுபவத்திலிருந்து, விதிகளையும் பாதுகாப்பையும் பற்றி எழுதுகிறேன்.

உலகக் கராத்தே கூட்டமைப்பின் குமித்தேயில் (இருவர் நேருக்கு நேர் மோதும் போட்டி) ஒரு குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைத்தால் 2, தலைக்கு உதைத்தால் 3. ஒவ்வோர் அடிக்கும் நடுவர் ஆட்டத்தை நிறுத்திப் புள்ளி சொல்லி, மறுபடி தொடங்குவார். எதிராளியைவிட 8 புள்ளி முன்னே சென்றுவிட்டால் அதோடு ஆட்டம் முடிந்தது. அடி வேகமாகச் செல்ல வேண்டும், சரியான இடத்தைச் சேர வேண்டும், ஆனால் காயப்படுத்தாமல் அடங்கவும் வேண்டும். ஆகவே, அதில் தேர்ந்த பிள்ளைகள் தொலைவிலிருந்து மின்னலாகப் பாய்ந்து, தொட்டு, விலகுவார்கள். கிக்பாக்ஸிங்கின் ரிங் பிரிவுகளில் நடுவர் அப்படி நிறுத்துவதில்லை. சுற்று முடியும் வரை தொடர்ந்து அடிக்கலாம், வீழ்த்தினால் வெற்றி.

2021 ஆகஸ்ட்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவின் இறுதியாட்டத்தைப் பாருங்கள். சவூதி அரேபியாவின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் தலைக்கு விட்ட உதை ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்ஜாதேயை மயங்கி விழச் செய்தது. அவரை ஸ்ட்ரெச்சரில் எடுத்துச் சென்றார்கள். அளவுக்கு மீறிய அடி என்று ஹமேதியைத் தகுதிநீக்கம் செய்து, மயங்கி விழுந்தவருக்கே தங்கம் கொடுத்தார்கள். அதே உதை கே-1 மேடையில் விழுந்திருந்தால் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியிருக்கும். இரு விளையாட்டுகளும் எங்கே பிரிகின்றன என்று கேட்டீர்கள் அல்லவா, அந்த ஓர் உதையில் இருக்கிறது விடை. என்னைக் கேட்டால் அந்தத் தீர்ப்பு சரி. பார்த்தவர்களில் பாதிப்பேர் இன்றுவரை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெற்றது அந்த ஒருமுறைதான். 2024 பாரீஸில் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சலிஸ் பட்டியலிலும் இல்லை. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 1994 முதல் இருக்கிறது. கிக்பாக்ஸிங்கின் உலக அமைப்பான வாகோ 1976இல் தோன்றியது. 2021இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் முழு அங்கீகாரம் பெற்றது, ஆனால் ஒலிம்பிக் விளையாட்டாக இன்னும் ஆகவில்லை. பதக்கத்தை மனத்தில் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க நினைத்தால் இவ்வளவுதான் நிலவரம்.

வயதைப் பற்றி எழுதியாக வேண்டும். வளரும் பிள்ளையின் தலையில் திரும்பத் திரும்ப அடி விழக் கூடாது. அமெரிக்க, கனடா நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கங்கள் 2011இல் சேர்ந்தே ஓர் அறிக்கை வெளியிட்டு, பிள்ளைகளும் வளரிளம் பருவத்தினரும் குத்துச்சண்டையில் ஈடுபட வேண்டாம் என்றன. தலையைக் குறிவைத்து அடிப்பதே அந்த விளையாட்டின் நோக்கம் என்பதுதான் காரணம். கிளவுஸ் பெரிதாக இருந்தால் தலைக்கு ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு. கிளவுஸ் முக்கியமாகக் காப்பது அடிப்பவரின் கையை. மூளை மண்டைக்குள் குலுங்குவதை அது முழுவதும் தடுக்காது.

அதற்காகக் கிக்பாக்ஸிங்கே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வாகோ விதிகளில் ரிங் பிரிவுகள் தனி, விரிப்பின் மேல் நடக்கும் பிரிவுகள் தனி. பாயின்ட் ஃபைட்டிங், லைட் கான்டாக்ட், கிக் லைட் ஆகியவற்றில் அடியைக் கட்டுப்படுத்தியே ஆட வேண்டும். அவற்றில் பாயின்ட் ஃபைட்டிங் ஏறக்குறைய உங்கள் மகளின் குமித்தே போலவே நிறுத்தி நிறுத்திப் புள்ளி தரும். அங்கே சேர்ந்தால், எந்தப் பிரிவுக்காகப் பழக்குகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். கேள்வி புரியாதவர் போல விழித்தால் வேறு கூடம் பாருங்கள்.


தென்பெண்ணைக்கரை (காவேரிப்பட்டணம்):

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் மிக்க நன்றி. அரூர் ஐயாவின் மறுமொழியைத் தம்பிக்கு அனுப்பினேன். படித்துவிட்டானாம், பதில்தான் இல்லை. இரண்டு ஐயங்கள் மட்டும் மிச்சம். இரண்டையும் ஒரே சமயத்தில் பழகினால் ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடுமா? பெல்ட் டெஸ்ட்டுக்குக் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்கிறோம். அந்தச் சான்றிதழ்களுக்குப் பின்னாளில் மதிப்பு உண்டா?


தகடூரான் (தருமபுரி):

இரண்டாவது கேள்விக்கு மனம் கூசாமல் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். பெல்ட் சான்றிதழ் அவள் அந்தப் பிரிவில் எந்தப் படியில் இருக்கிறாள் என்பதைக் காட்டும். அதற்கு மேல் அதை வைத்து ஒன்றும் நடக்காது. கல்லூரிச் சேர்க்கைக்கோ வேலைக்கோ விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கும்போது, எந்தப் போட்டி, அதை நடத்திய சங்கம் அரசின் அங்கீகாரம் பெற்றதா என்றுதான் பார்ப்பார்கள். நம் மாவட்டங்களில் ஒன்றுபோலவே பெயர் வைத்த சங்கங்கள் பல இருக்கின்றன. 'அகில இந்திய', 'சர்வதேச' என்று அச்சடித்த சான்றிதழ் எல்லாம் ஒரே மதிப்புடையவை அல்ல. ஆண்டுக்கு இத்தனை பெல்ட் கட்டாயம் என்று ஒரு மாஸ்டர் கணக்குச் சொன்னால் தயங்காமல் காரணம் கேளுங்கள். ஒரு நிறத்திலேயே நெடுநாள் நிற்கும் பிள்ளைகள் என்னிடம் இருக்கிறார்கள். அவர்களில் சிலர்தான் குமித்தேயில் முந்துகிறார்கள். பள்ளிக்கல்வித் துறை நடத்தும் விளையாட்டுப் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கும் வழியை அவள் பள்ளியின் பி.டி. ஆசிரியரிடமே விசாரியுங்கள்.


சிப்காட் ஷிஃப்ட் (ஓசூர்):

அக்கா, முதல் ஐயத்துக்கு என் பதில்: கெடுக்காது, ஆனால் தொடக்கத்தில் குழப்பும். தொலைவை அளப்பதும், சட்டென்று உள்ளே புகுந்து வெளியேறுவதும் கராத்தே கொடுத்த சொத்து. கிக்பாக்ஸிங்குக்கு வந்தபோது எனக்கு அவை இரண்டும் கைகொடுத்தன. கை கீழே தொங்குவதும், ஓர் அடி விழுந்தவுடன் நடுவர் நிறுத்துவார் என்று உடம்பு காத்து நிற்பதும் தொல்லை கொடுத்தன. அடுத்த கிரேடிங் (பெல்ட் டெஸ்ட்) வரைக்கும் கராத்தேயை விடாமல், வார இறுதியில் மட்டும் கிக்பாக்ஸிங்கில் பேட் பயிற்சிக்கு அனுப்பிப் பாருங்கள். ஸ்பாரிங் இப்போது வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள்.

பொருள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கூடத்தில் பொதுவாகத் தொங்கும் கிளவுஸை மாட்டிக்கொள்ள விடாதீர்கள். வியர்வையில் ஊறித் தோல் நோய் வரும். கைக்குச் சுற்றும் துணிப்பட்டையும் மவுத் கார்டும் அவளுக்கென்று தனியாக இருக்க வேண்டும். மவுத் கார்டை வெந்நீரில் போட்டு இளக்கிப் பல்லில் அழுத்தி அளவு பிடிக்கும் வகையாக வாங்குங்கள்; பால்பற்கள் விழுந்து புதுப்பல் முளைக்கும் பருவமாக இருந்தால் சில மாதங்களில் அளவு மாறிவிடும், அப்போது மறுபடியும் வேறு வாங்க வேண்டியிருக்கும்.


ஓய்வுபெற்ற பி.டி. (பாலக்கோடு):

சிப்காட் தம்பி சொன்ன யோசனை நடைமுறைக்கு ஒத்துவரும். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். முதல் வாரம் நீங்களும் உடன் சென்று ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பேட் பிடிப்பவர் யார், எடை பார்த்து ஜோடி சேர்க்கிறார்களா, தலையில் அடிபட்ட பிள்ளையை உடனே வெளியே உட்காரவைக்கிறார்களா அல்லது தண்ணீர் குடித்துவிட்டு வா என்று திரும்ப அனுப்புகிறார்களா என்பதையெல்லாம் பாருங்கள். பெற்றோர் உள்ளே இருக்கக் கூடாது என்று ஒரு கூடத்தில் சொன்னால், அங்கே கராத்தே கற்றுத்தந்தாலும் சரி, கிக்பாக்ஸிங் கற்றுத்தந்தாலும் சரி, பிள்ளையை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.